விபத்து முடிந்தும் பயம் முடியவில்லை: எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் இரவுப் பேருந்து, திண்டிவனம் தாண்டி ஒரு லாரியின் பின்னால் மோதுகிறது. முன்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கையில் எலும்பு முறிவு. பக்கத்து இருக்கைக்காரர் அங்கேயே இறந்துவிட்டார். கை கூடிவிட்டது. ஆனால் நான்கு மாதம் ஆகியும் அந்தப் பெண்ணால் பேருந்தில் ஏற முடியவில்லை. டீசல் வாடை அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. நடுராத்திரியில் வியர்த்துப்போய் விழிக்கிறார். ஈசிஜி எடுத்தாயிற்று, நார்மல். "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று ஒரு மாத்திரை கிடைத்தது. பாட்டி, "புள்ள பயந்துடுச்சு" என்று தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. கவுன்சிலிங் போ என்கிறார் தோழி. சைக்கியாட்ரிஸ்ட்டிடம் மாத்திரை வாங்கு என்கிறார் அண்ணன். கண்ணை அசைக்க வைத்தே குணப்படுத்துகிறார்களாம் என்று யூடியூபில் ஒரு வீடியோ. யோகா போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர்.

இந்தப் பெண் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரையே ஒவ்வொரு சிகிச்சை அறைக்குள்ளும் உட்கார வைத்துப் பார்த்தால், எது எதில் வேறுபடுகிறது என்பது தெரிந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையின் பெயரைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதன் பக்கத்தில் அந்தச் சிகிச்சை நம்மைக் கூட்டிப்போகிறதா? அதைக் கடைசிவரை நம்மால் முடிக்க முடியுமா?

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், சில சமயம் சரியான தேர்வு. உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது உயிரை உலுக்கும் சம்பவத்தைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பிடிஎஸ்டி என்ற நிலைக்கு, அதாவது சம்பவம் முடிந்தும் அதன் பயமும் நினைவும் அடங்காமல் வாழ்க்கையை முடக்கும் நிலைக்கு, போகிறவர்கள் 5.6 சதவீதம்தான். மற்றவர்கள் தூக்கம் கெட்டு, அழுது, சில வாரம் தடுமாறி, மெல்ல எழுந்துவிடுகிறார்கள். அதனால் முதல் மாதத்தில் வேண்டியது தூக்கம், சாப்பாடு, கூட இருக்கும் ஆட்கள், இன்சூரன்ஸ் கோரிக்கை மாதிரியான வேலைகளில் ஒரு கை. அவ்வளவே.

அந்த முதல் நாட்களில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. விபத்து நடந்த கையோடு எல்லாரையும் உட்கார வைத்து, "என்ன நடந்தது, எல்லாத்தையும் கொட்டிடு" என்று ஒரே அமர்வில் பேச வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அதனால் பிடிஎஸ்டி குறையவில்லை. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், தீக்காயம் பட்டவர்களில் அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள் ஒரு வருடம் கழித்து மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். நம் வீடுகளில் துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து கேட்பார்கள் இல்லையா, அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அவராகப் பேசினால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

சரி, நான்கு மாதம் ஆகிவிட்டது. பிடிஎஸ்டி வந்தவர்களிலும் 40 சதவீதம் வரை ஒரு வருடத்துக்குள் தானாகவே மீள்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்கலாமா? மீதி 60 சதவீதத்தில் நாம் இருந்தால், அதற்குள் வேலை போயிருக்கும், பயணம் போயிருக்கும், வீட்டை விட்டு வெளியே போவதே சுருங்கியிருக்கும். இவருக்கு இனி காத்திருப்பது லாபமில்லை என்பேன்.

பயம் ஏன் தானாகக் குறைவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பேருந்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பெருமூச்சு, ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லிக்கொடுக்கிறது. பேருந்து என்றால் சாவு என்று அந்த ஓர் இரவில் மூளை கற்றுக்கொண்டது. அது பொய் என்று கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பும் அதற்குக் கிடைப்பதில்லை. நினைவுக்கும் இதே கதிதான். வரும்போதெல்லாம் தள்ளிவிடுவதால், அது நடந்து முடிந்த ஒன்றாக அடங்காமல் இப்போது நடப்பது போலவே திரும்பத் திரும்ப வருகிறது. கீழே வரும் சிகிச்சைகள் எல்லாம் இந்தச் சுழற்சியை ஏதோ ஓர் இடத்தில் அறுக்கப் பார்க்கின்றன.

நேருக்கு நேர்: ப்ரோலாங்டு எக்ஸ்போஷர்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஈட்னா ஃபோவா உருவாக்கிய முறை. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை போகும். நம் பெண் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இரவை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். "லாரியின் பின்விளக்கு தெரிகிறது. டிரைவர் பிரேக் போடுகிறார்." சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து கொடுப்பார்கள், வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கேட்கவே கொடுமையாக இருக்கிறது, தெரியும். ஆனால் பல முறை சொல்லும்போது அந்தக் கதையின் கொதிப்பு அடங்குகிறது. அதுவரை ஞாபகம் வராத துண்டுகளும் வருகின்றன: மோதியபின் அந்தப் பக்கத்து இருக்கைக்காரரின் கையைத் தான் பிடித்திருந்தது, யாரோ தண்ணீர் கொடுத்தது.

இன்னொரு பாதி வெளியே நடக்கிறது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரிப்பார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை வெளியே நின்று பார்ப்பது 30. நிற்கும் பேருந்தில் ஏறி உட்காருவது 45. பகலில் டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் போவது 60. இரவுப் பேருந்தில் முன் இருக்கை 95. கீழிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் பயம் கொஞ்சமாவது தணியும்வரை, அல்லது "நினைத்தது நடக்கவில்லையே" என்று மனதுக்கு உறைக்கும்வரை இருக்க வேண்டும். பாதியில் இறங்கி ஓடிவந்தால் பயம்தான் ஜெயிக்கும்.

பலன் உறுதியானது, பல பத்தாண்டு ஆய்வு இதற்குப் பின்னால் நிற்கிறது. சிக்கல் நடைமுறையில். இரண்டு அறை வீட்டில் மாமியார், குழந்தைகள் நடுவில் அந்தப் பதிவை எங்கே உட்கார்ந்து கேட்பது? ஹெட்போன் போட்டுக்கொண்டு அழுதால் "என்ன ஆச்சு" என்று நாலு பேர் கேட்பார்கள். மொட்டை மாடியோ, பூட்டிய அறையோ கிடைக்கும் என்றால் மட்டுமே இதற்குள் இறங்கலாம். இதைத் தெரபிஸ்ட்டிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

நினைப்பை விசாரிப்பது: காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு வேலை செய்தபோது பாட்ரிசியா ரெசிக் உருவாக்கியது. 12 அமர்வு. இங்கே சம்பவத்தை வரிவரியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சம்பவம் மனதில் விதைத்துவிட்டுப் போன முடிவுகளைத்தான் எடுத்து வைப்பார்கள். "ஜன்னல் சீட்டை நான் கேட்டு வாங்கினேன். வாங்காமல் இருந்திருந்தால் செத்தது நானாக இருப்பேன், அவர் பிழைத்திருப்பார்." "இனி எந்த டிரைவரையும் நம்ப முடியாது." இந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் தாளில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதை விட்டுவிட்டேன், இடம் மாறும்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று விசாரிப்பார்கள். "அப்படியெல்லாம் நினைக்காதம்மா" என்று ஆறுதல் சொல்வதில்லை. கேள்வி மட்டும் கேட்பார்கள், பதில் அவருடையது.

குற்ற உணர்வும் அவமானமும் பயத்தைவிடப் பெரிதாக இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். "உன்மேலயும் தப்பு இருக்கு" என்று ஊரே சொல்லிப் பழகிய விஷயங்களில் சிக்கியவர்கள் நம்மிடம் நிறைய.

இந்த இரண்டில் எது உசத்தி? ரெசிக் 2002-இல் வெளியிட்ட நேரடி ஒப்பீட்டில் இரண்டிலுமே சுமார் 53 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி என்று சொல்லும் நிலை நீங்கியது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 916 பேரை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில் ப்ரோலாங்டு எக்ஸ்போஷர் ஒரு மயிரிழை முந்தியது, வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இல்லை. அந்த ஆய்வில் என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. முதல் முறையில் ஏறத்தாழ 56 சதவீதம் பேர், இரண்டாவதில் 47 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். பாதிக்குப் பாதி! எது சிறந்தது என்று வல்லுநர்கள் மோதிக்கொள்வதைவிட, நம்மால் எதை முடிக்க முடியும் என்று யோசிப்பது பயனுள்ளது என்று நான் சொல்வது இதனால்தான்.

கண்ணசைவு: இஎம்டிஆர்

1987-இல் பிரான்சின் ஷாப்பிரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்குமங்கும் அசைகையில் மனதை உறுத்திய எண்ணங்களின் வலு குறைவதாக உணர்ந்தார் என்பது இதன் பிறப்புக் கதை. 1989-இல் ஆய்வாக வெளியிட்டார். விபத்தின் மிக மோசமான ஒரு காட்சியை மனதில் பிடித்துக்கொண்டு, தெரபிஸ்ட்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். அரை நிமிடம் போல. நிறுத்தி, "இப்போ என்ன வருது?" என்பார். வந்ததை ஓரிரு வார்த்தையில் சொன்னால் போதும். மறுபடி விரல்.

வித்தை காட்டுவது போலத்தான் தெரியும். கண்ணசைவுக்கே தனிப் பலன் உண்டா, இல்லை நினைவைப் பாதுகாப்பான இடத்தில் தொடுவதால்தான் பலனா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். மனதின் கவனத்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குப் பங்கிடும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் பலனைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளில், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு (சிபிடி) இதுவும் இருந்தது.

நம் ஊருக்கு இதில் ஒரு பெரிய வசதி: தினசரி வீட்டுப்பாடம் கிடையாது, கதையை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. வாயைத் திறந்து சொல்லவே முடியாத சம்பவம் என்றால், அல்லது தெரபிஸ்ட் நம் சாதிக்காரர், சொந்தக்காரருக்குத் தெரிந்தவர் என்ற கூச்சம் இருந்தால், இது பெரிய விடுதலை. எச்சரிக்கையும் உண்டு. குறுகிய பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு, பரீட்சை பயத்திலிருந்து கணவன் மனைவி சண்டை வரை எல்லாவற்றுக்கும் விரலை ஆட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு சம்பவம் இல்லை, வாழ்க்கையே அப்படி என்றால்

மேலே சொன்னவை பெரும்பாலும் ஒரு மோசமான நினைவைச் சுற்றிக் கட்டியவை. ஷெல்லடி, இடப்பெயர்வு, முகாம், காணாமல் போன அண்ணன், அதற்கு மேல் சுனாமி என்று வாழ்ந்தவரிடம் "எந்தச் சம்பவம்?" என்று கேட்டால் என்ன சொல்வார்? ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷாவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி இவர்களுக்கானது. தரையில் ஒரு கயிற்றை நீட்டுவார்கள், அதுதான் வாழ்க்கை. கெட்டது நடந்த இடங்களில் கல், நல்லது நடந்த இடங்களில் பூ. அப்புறம் பிறந்ததிலிருந்து வரிசையாகக் கதை சொல்லி, ஒவ்வொரு கல்லிலும் நின்று, மெல்லப் பேசி, அந்த இடத்துக்கும் காலத்துக்கும் அதைக் கட்டிப்போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வது. கடைசியில் எழுதிய முழுக் கதையும் அவர் கையில் கொடுக்கப்படும். நடந்ததற்கு அது ஒரு சாட்சியமாகவும் நிற்கிறது.

இதன் குழந்தைகள் வடிவம் 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் சோதிக்கப்பட்டது. போரையும் பார்த்து சுனாமியையும் பார்த்த 31 குழந்தைகள். ஒரு பாதிக்கு இந்தச் சிகிச்சை ஆறு அமர்வு, மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் குழந்தைகள் மீண்டிருந்தார்கள்.

பயத்தின் பக்கத்தில் போக வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடும் எனக்கு அந்த 71 ஓர் இடறல்தான். ஆய்வு சிறியது, சிகிச்சையே தராத குழு ஒன்றும் அதில் இல்லை, சம்பவம் நடந்து வெகு நாள் ஆகாததால் தானாக மீண்டவர்களும் கலந்திருக்கலாம். இருந்தாலும், நம் பண்பாட்டில் ஊறிய மூச்சுப் பயிற்சியையும் தியானத்தையும் "அது சிகிச்சையே இல்லை" என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டே கிடைக்காத இடத்தில் அது நல்ல தொடக்கம்.

மாத்திரை

அமெரிக்காவில் பிடிஎஸ்டிக்கென்றே அனுமதி பெற்ற மாத்திரைகள் இரண்டு: செர்ட்ராலின், பராக்ஸிடின். இரண்டும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படுகிற அதே வகை. வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், முதல் சில நாட்களில் குமட்டலோ படபடப்போ கூடலாம், திடீரென்று நிறுத்தக்கூடாது. படுக்கையை விட்டு எழவே முடியாத அளவுக்குச் சோர்வு இருந்தால், முதலில் மாத்திரை, தலை தூக்கியபின் பேச்சு என்பதுதான் சரியான வரிசை. அதைப் பலவீனம் என்று நினைக்க வேண்டியதில்லை.

பிரச்சினை வேறொரு மாத்திரையில் இருக்கிறது. அல்பிரசோலாம், குளோனசெபாம். போட்ட அரை மணியில் படபடப்பு அடங்கும். அதனாலேயே பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். பிடிஎஸ்டிக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன முக்கியமான வழிகாட்டுதல்கள். பழக்கமாகிவிடும் என்பது ஒரு காரணம். அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால், "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனம் எழுதிக்கொள்ளும், பேருந்து பாதுகாப்பானது என்று எழுதிக்கொள்ளாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். வலிப்புகூட வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சும்மா பேசும் கவுன்சிலிங்

அன்பாகக் கேட்பார், தண்ணீர் கொடுப்பார், "பாசிட்டிவா நினைங்க" என்பார். ஒரு மணி நேரம் மனசு லேசாகும். அடுத்த வாரமும் அதேதான். ஒரு வருடம் போனாலும் நம் பெண் பேருந்தில் ஏறியிருக்க மாட்டார். ஆதரவு தேவை, ஆனால் அது மட்டும் பயத்தின் சுழற்சியைத் தொடுவதில்லை. இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று, இன்றைய வாழ்க்கைச் சிக்கல்களை மட்டும் ஒழுங்காக எடுத்துத் தீர்க்கும் ப்ரசன்ட் சென்டர்டு தெரபி. பழைய நினைவைத் தொடாது, பலனும் கொஞ்சம் குறைவு, ஆனால் பாதியில் விடுகிறவர்களும் குறைவு. நினைவைத் தொட இன்னும் தயாராகாதவருக்கு அது பரவாயில்லை.

சம்பவமே இல்லாத பதற்றம்

விபத்து எதுவும் இல்லை, ஆனாலும் பேனிக் அட்டாக் வருகிறது என்பவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர் பயப்படுவது தன் உடம்பைப் பார்த்து. நெஞ்சு துடித்தால் "ஹார்ட் அட்டாக்" என்ற எண்ணம், அதனால் இன்னும் துடிப்பு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதற்கு ஒரு விநோதமான வைத்தியம் உண்டு. நாற்காலியில் சுற்ற வைப்பார்கள், ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார்கள். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பார்க்க வைப்பது. கைப்பையில் எப்போதும் இருக்கும் அந்த ஒரு மாத்திரை, தியேட்டரில் கதவோரச் சீட்டு, கூட வரும் தம்பி என்று பாதுகாப்புக்கு வைத்திருப்பவற்றையும் ஒவ்வொன்றாக விடச் சொல்வார்கள். பலருக்கு இதுதான் மிகக் கஷ்டம்.

தியானம் விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பதற்ற நோய் உள்ள 276 பேரில் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியையும் எஸ்சிடலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்டது. தியானம் மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் அவர்கள் தினமும் வீட்டில் முக்கால் மணி நேரம் உட்காரச் சொல்லப்பட்டவர்கள். காலையில் ஐந்து நிமிடம் செயலியைத் தட்டிவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

யாரிடம் போவது

மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர். மேலே சொன்ன பேச்சுச் சிகிச்சைகளில் முறையாகப் பயின்றிருக்க வாய்ப்பு அதிகம் உள்ளவர் மருத்துவ உளவியலாளர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், எண்ணைக் கேட்கலாம், அதில் தப்பில்லை. கவுன்சிலர் என்ற பலகையின் பின்னால் நல்ல படிப்பும் இருக்கலாம், சில வாரச் சான்றிதழும் இருக்கலாம். காசு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டம், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல நிலையம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.

தொலைபேசியில் முதலில் பேசும்போதே கேளுங்கள்: "இந்தச் சம்பவத்தை நேரடியா எடுத்துப் பேசுவீங்களா, எந்த முறையில? சுமாரா எத்தனை அமர்வு? வீட்ல என்ன செய்யணும்? குறையுதா இல்லையான்னு எப்படி அளப்பீங்க?" கடைசிக் கேள்விக்கு நல்ல பதில்கள் உண்டு. பிடிஎஸ்டிக்கு பிசிஎல்-5 என்ற 20 கேள்வித் தாள், மொத்தம் 80 மதிப்பெண். பதற்றத்துக்கு ஜிஏடி-7, ஏழே கேள்வி, 21 மதிப்பெண். "உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

நம் பேருந்துப் பெண்ணுக்கு என் தேர்வு? தனியாக உட்கார ஓர் இடம் கிடைத்தால் ப்ரோலாங்டு எக்ஸ்போஷர், ஏனென்றால் அவர் வாழ்க்கையை இப்போது முடக்குவது தவிர்ப்புதான். "என்னால்தான் அவர் செத்தார்" என்பதே பெரிதாக நின்றால் ரெசிக்கின் காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி. பேசவே வரவில்லை என்றால் இஎம்டிஆர். ஆனால் இவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சாக வேண்டும் என்ற எண்ணம் தீவிரமாக இருந்தால் முதலில் அதற்கான உதவி, அன்றைக்கே. அடிக்கிற கணவனோடு இன்னும் அதே வீட்டில் இருக்கிறவருக்கு அந்தக் கணவனைப் பற்றிய பயம் நோயே இல்லை, சரியான தகவல். அதைக் குறைக்கக் கூடாது, முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்.

தொடங்கியபின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கனவு கூடலாம், எரிச்சல் கூடலாம். பலர் விட்டுவிடுவது அங்கேதான், அது எதிர்பார்த்ததே என்று வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் ஆறு முதல் எட்டு அமர்வு ஒழுங்காகப் போயும் பிசிஎல்-5 மதிப்பெண் பத்துப் புள்ளிகூட இறங்கவில்லை என்றால், அதைத் தெரபிஸ்ட்டிடமே நேராகச் சொல்லி வேறு முறைக்கு மாறக் கேளுங்கள். மறுத்தால், இதுவரை செய்தவற்றின் குறிப்பை எழுதி வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள்.